உள்ளேன் ஐயா

நடுவர் அவர்களே, நான் எழுந்த உடனேயே முறைக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'கல்லூரி மாணவருக்கு உறவையும் வாழ்வின் இலக்கையும் தருவது வகுப்பறையே' என்று அவர்கள் அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். 'வகுப்பறைக்கு வெளியேதான்' என்று சொல்ல எங்கள் அணி என்னை அனுப்பியிருக்கிறது. முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பறைதான் எனக்குச் சோறு போடுகிறது. இன்று அந்தச் சோற்றுக்கு எதிராகவே வழக்காட வந்திருக்கிறேன். தயவுசெய்து எங்கள் முதல்வரிடம் சொல்லிவிடாதீர்கள்.

எதிரணியில் பேசிய அம்மையார் வகுப்பறையைத் தாய்மடி என்றார். நல்ல கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் அம்மா, 75 விழுக்காடு நாள் வந்து படுத்தால்தான் உண்டு என்று எந்தத் தாய்மடியில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள்? நாலு நாள் குறைந்துவிட்டது, பணத்தைக் கட்டிவிட்டு வா என்று எந்தத் தாய் சொல்கிறாள்?

வருகைப்பதிவு என்றதும் என் வகுப்பு நினைவுக்கு வருகிறது. காலையில் எண்களை வாசிப்பேன். பதினாறு, 'உள்ளேன் ஐயா'. பதினேழு, 'உள்ளேன் ஐயா'. பதினெட்டு வரவில்லை என்றால் பதினேழே தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு இன்னொரு முறை 'உள்ளேன் ஐயா' என்பான். இதற்குப் பெயர் புராக்ஸி. ஒருமுறை, படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட ஒரு பையன் மூன்று வாரம் என் வகுப்பில் நாள் தவறாமல் 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொண்டிருந்தான். குனிந்த தலை நிமிராமல் குறித்துக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் வாதம் முழுவதும் அந்தப் புராக்ஸிக்குள்தான் இருக்கிறது. உனக்குப் பதில் இன்னொருவன் குரல் கொடுத்தால் போதும், அங்கே ஒரு துரும்பும் நின்றுபோகாது என்றால், அந்த இடத்துக்கு நீ வேண்டாதவன். நாம் இல்லாவிட்டாலும் நடக்கிற இடத்தில் நமக்கு என்ன ஒட்டுதல் வரும்?

என் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு நான்தான் திட்ட அலுவலர். யாரும் எடுத்துக்கொள்ள விரும்பாத பொறுப்பு என்பதால் எனக்குக் கிடைத்தது. காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமிட வேண்டும். ஏன் சேர்ந்தாய் என்று மாணவரைக் கேட்டால் சேவை மனப்பான்மை என்பார்கள். நம்பாதீர்கள். சான்றிதழ் கிடைக்கும், வகுப்புக்கு வராமலேயே வந்ததாகக் கணக்கு வைக்கிற ஓ.டி. கிடைக்கும், முகாமில் பாட்டுப் பாடலாம். அதற்காகத்தான் வருகிறார்கள். எதற்காக வந்தால் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஐம்பது பேரோடு மாலையில் இறங்கினோம். இறங்கியதும் மழை. சமையலுக்குப் பேசி முன்பணமும் வாங்கியிருந்தவர் வரவில்லை. விறகு முழுக்க ஈரம். எங்கள் துறையின் முதல் மாணவி, வெப்ப இயக்கவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், ஒரு தீப்பெட்டியைக் காலிசெய்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு தலைமைப் பண்போடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயா, ஈர விறகை உள்ளே திணிக்கச் சொல்லாதீர்கள். அடுப்பைச் சுற்றி நிறுத்தி வைத்தால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்."

திரும்பிப் பார்த்தேன். எண் முப்பத்தேழு. மூன்று பருவம் என் வகுப்பில் உட்கார்ந்தவன். அவன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். 'உள்ளேன் ஐயா'வைக்கூட அவனுக்காக முப்பத்தாறுதான் சொல்லிவந்திருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அவன் போய் எங்கிருந்தோ தென்னம்பாளையும் காய்ந்த தேங்காய் மட்டையும் கொண்டு வந்தான். விறகைச் சிராய் சிராயாகப் பிளந்தான். பத்து நிமிடத்தில் அடுப்பு பிடித்துக்கொண்டது. ஐம்பது பேருக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டேன். "ஆறு கிலோ போதும் ஐயா. நாளைக்கு ஏழு போடுவோம், மண்வெட்டி பிடித்த பசி இருக்கும்" என்றான். அவன் அம்மா கல்யாண மண்டபங்களில் சமையல் வேலை செய்பவர். பள்ளி நாளிலிருந்தே விடுமுறையில் இவனும் கூடப் போவானாம். மூன்று பருவத்தில் இதைக் கேட்கும்படி என் பாடத்திட்டத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

மறுநாள் காலையில் அந்த முதல் மாணவி ரவையைக் கிளறிக்கொண்டிருந்தாள். இவன் பக்கத்தில் நின்று, "அடியிலிருந்து புரட்டுங்கள், மேலே தடவாதீர்கள்" என்கிறான். "சரிங்க மாஸ்டர்" என்றாள் அவள். அன்றிலிருந்து முப்பத்தேழு போய் மாஸ்டர் ஆனான். நான்காம் நாள் மாஸ்டருக்குக் காய்ச்சல். விடியற்காலையிலேயே அவன் பாயைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருத்தி கஷாயம் வைத்துக்கொண்டு வருகிறாள், ஒருவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். அன்று உப்புமா அடிப்பிடித்துவிட்டது. எந்த முப்பத்தாறாலும் குரலை மாற்றி அந்த உப்புமாவைக் காப்பாற்ற முடியவில்லை, நடுவர் அவர்களே.

முகாமில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். யார் எந்தத் தெரு என்று மெல்லத் துருவும் பழக்கத்தை நம் பிள்ளைகள் ஊரிலிருந்தே கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். யார் சமைக்கிறார்கள் என்று தெரிந்த இரண்டாம் நாளிலிருந்து ஒரு பையன் மட்டும் பந்தியில் உட்காராமல் கடைவீதிக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டு வந்தான். காரணம் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். நான்காம் நாள், அந்த அடிப்பிடித்த உப்புமாவுக்கு, வந்து உட்கார்ந்தான். மனம் மாறியதா, காசு தீர்ந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் வகுப்பறையில் அவனும் மாஸ்டரும் மூன்று பருவம் அடுத்தடுத்த பெஞ்சில் இருந்தார்கள். அங்கே இந்தக் கேள்வி எழவே இல்லை. எழாததால் தீரவும் இல்லை.

எதிரணித் தலைவர் உ.வே.சாமிநாதையரையே சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதால்தானே அவர் தமிழ்த் தாத்தா ஆனார் என்று கேட்டார். ஐயா, அந்தப் பாடமே வருகைப்பதிவேடு வைத்து நடந்ததில்லை. ஆசிரியர் போகிற ஊருக்கெல்லாம் கூடவே போய்க் கேட்ட பாடம். அதையும் விட்டுவிடுகிறேன். பாடமெல்லாம் கேட்டு முடித்து, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகவும் அமர்ந்துவிட்டார். அதே ஆண்டில்தான் அந்த ஊருக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார் முதலியார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வி வளர்ந்து 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்தது. கேட்டவர் ஆசிரியரா? முன்சீப். கேட்ட இடம் வகுப்பறையா? முன்சீபின் வீடு. நீங்கள் அழைத்து வந்த சாட்சி எங்கள் பக்கம் பேசுகிறார், ஐயா. அவருக்குப் படிக்காசு நீங்களே கொடுத்துவிடுங்கள்.

இனிக் கொஞ்சம் கடல் கடந்து பேராதனைக்குப் போய் வருவோம். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்குக் குடிபெயர்ந்தது. மலை, குளிர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்து விடுதிகளில் சேர்ந்த தமிழ் மாணவர்கள். அங்கே தமிழ் கற்பித்தவர் பேராசிரியர் சு.வித்தியானந்தன். வகுப்பில் அவர் நடத்திய பாடம் தேர்வோடு முடிந்திருக்கும். நம்முடையதும் அப்படித்தானே முடிகிறது. வகுப்பு கலைந்த பிறகு அவர் செய்ததைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறோம். 1956இல் அதே வளாகத்தில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மாணவர்களை வைத்து 'மனமே' நாடகத்தை உருவாக்கிக் காட்டியிருந்தார். படித்த தமிழர் பலர் கூத்து என்றால் முகம் சுளித்த காலம் அது. வித்தியானந்தன், அண்ணாவியார் என்று அழைக்கப்படும் மட்டக்களப்புக் கூத்து ஆசானை அழைத்து வந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆடப் பழக்கினார். விடிய விடிய ஆடுகிற கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கினார். 1962இல் 'கர்ணன் போர்'. அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்'. பிறகு 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை'.

மட்டக்களப்புக் கூத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் வருகைப்பதிவு உண்டு. அதற்கு வரவு என்று பெயர். களரி என்கிற ஆடுகளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்கென்று தாளக்கட்டு இருக்கிறது. அரசன் வரவு வேறு, கட்டியகாரன் வரவு வேறு. மத்தளம் அந்தத் தாளத்தை எடுக்கும், சல்லாரி என்கிற கைத்தாளம் சேர்ந்துகொள்ளும், அதற்குரியவன்தான் ஆடிக்கொண்டு வர வேண்டும். ஆடுகிறவன் ஓர் அடி பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாட வேண்டும். ஆள் இல்லையென்றால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். எங்கே, அதில் ஒரு புராக்ஸி போட்டுக் காட்டுங்கள் பார்க்கலாம்! மட்டக்களப்பிலிருந்து அங்கே படிக்கப் போன மௌனகுரு என்ற மாணவர் இராவணனாக ஆடினார். பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி அந்தக் கூத்தையே தம் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். பட்டம் வகுப்பறை கொடுத்திருக்கும். வேலையைக் கொடுத்தது ஒத்திகை நடந்த இடம்.

இப்போது எதிரணித் தம்பி வீசிய கல்லுக்கு வருகிறேன். 'வெளியே என்ன வாழ்கிறது? பஸ் தினம், ரூட் சண்டை, ராகிங், இதுதானே' என்று கேட்டார். கூசாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது நடந்ததும் வகுப்பறைக்கு வெளியேதான். இதை மறைத்துவிட்டு நான் இந்த மேடையில் நிற்கக் கூடாது.

ஆனால் தம்பி, சென்னைக் கலைக் கல்லூரி மாணவர்கள் ஏன் பஸ் எண்ணை வைத்துக் கூட்டம் சேர்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? படிக்கும் பாடத்தை வைத்துச் சேரவில்லை. ஒரு மணி நேரம் ஒரே படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அங்கே ஒருவன் கீழே விழாமல் இன்னொருவன் சட்டையைப் பிடித்துக்கொள்கிறான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை, தனக்கென்று நான்கு பேர் வேண்டும் என்று தேடுகிறான். கல்லூரியில் கிடைக்காததைப் பஸ்ஸில் எடுத்துக்கொள்கிறான். அந்தப் பசியின் மீது கத்தியைக் கொடுத்தவர்கள் யார் என்பது வேறு வழக்கு. பசி உண்மை. நாங்கள் மாலை நான்கு மணிக்கு வருகைப்பதிவேட்டை மூடிவிட்டு இரு சக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதற்குப் பிறகுதான் அவர்கள் நாள் தொடங்குகிறது. அந்த நேரத்தில் அங்கே ஓர் அண்ணாவியார் இருந்தால் கூத்து. ஆளே இல்லையென்றால் பட்டாக்கத்தி. குற்றம் வெளியின்மீதா, வெளியே வர மறுக்கிற எங்கள்மீதா என்று நடுவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மாஸ்டரை அந்த முகாமிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டில் ஒரு பாட்டி. எங்களுக்குத் தினமும் மோர் கொண்டு வருவார். முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய், அப்போது அவ்வளவுதான். அதற்கு மூன்று முறை மனுக் கொடுத்தும் வரவில்லை என்று கடைசி நாள் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். அவன் உட்கார்ந்து நான்காவது மனுவை எழுதினான். என்னிடம் காட்டினான். தேர்வுத்தாளில் நான்கு வரி தாண்டாதவன் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஆதாரில் பிறந்த ஆண்டு தவறாக இருக்கிறது, குடும்ப அட்டையில் இறந்துபோன மகன் பெயர் இன்னும் இருக்கிறது, அதுதான் சிக்கல் என்று மூலத்தைப் பிடித்திருந்தான். முகாம் முடிந்தது. சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. 240 மணி நேரக் கணக்கும் முடிந்தது. அதன் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவனும் அந்த முதல் மாணவியும் பரோட்டாப் பையனும் இரண்டு பஸ் மாறி, பாட்டியை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு அலைந்தார்கள். ஒரு நாள் அலுவலர் இல்லை. ஒரு நாள் கணினி இல்லை. ஒரு நாள் இரண்டும் இருந்தும் மின்சாரம் இல்லை.

பாட்டிக்கு இவர்கள் பெயர் எதுவும் தெரியாது. கல்லூரி அலுவலக எண்ணைப் பிடித்து அழைப்பார். "அந்த அடுப்புப் பிள்ளை இருக்கா சாமி?" என்பார். எங்கள் எழுத்தர் என்னிடம் ஓடி வருவார். நான் வகுப்பு வாசலில் நின்று கூப்பிடுவேன். ஐம்பது பேரில் ஒருவன் எழுந்து, முப்பத்தாறை முந்திக்கொண்டு, தன் சொந்தக் குரலில் சொல்வான்: "உள்ளேன் ஐயா."

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. பாட்டிக்குப் பணம் வந்ததா இல்லையா என்று முன்வரிசையில் ஓர் அம்மா சைகையால் கேட்கிறார். அரங்குக்கு வெளியே தேநீர்க் கடையில் நிற்பேன், அம்மா. அங்கே வாருங்கள், சொல்கிறேன். வணக்கம்.