மீட்டிய பிறகு

வணக்கம் நேயர்களே.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் 20 வருடத்துக்கும் மேலாகக் கித்தார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மிகச் சிறந்த கித்தார் கலைஞர் என்று யாரைச் சொல்வது? இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். என் மாணவர்கள் வாரம் ஒருமுறையாவது கேட்கிற கேள்வி இது. கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டிக்கொண்டே கேட்பார்கள். அதில் யாரோ ஒருவருடைய விரல்கள் பறந்துகொண்டிருக்கும். கண் அந்த விரல்களோடு ஓடிவிடும், காது பின்தங்கிவிடும். வானொலியில் அந்தச் சிக்கல் இல்லை. என் விரல் உங்களுக்குத் தெரியாது. அதனால் இந்தக் கேள்வியைப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

கித்தாரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். ஒரே ஒரு கம்பியை ஒரே ஒரு முறை மீட்டுகிறேன். ஒலி முழுதாக அடங்கும்வரை கேளுங்கள்.

(கித்தார்: ஒற்றைச் சுரம், தானாக அடங்கும்வரை)

சில விநாடிதான், இல்லையா? மீட்டிய கணத்தில் உரக்க இருந்தது, உடனே தேய ஆரம்பித்துவிட்டது. வயலினில் வில் ஓடுகிறவரை சுரம் நிற்கும். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கிறவரை நிற்கும். கித்தாரில் விரல் கம்பியை விட்டதும் சுரம் சாகத் தொடங்குகிறது. கித்தார் வாசிக்கிற எல்லாருக்கும் இந்தக் கஷ்டம் பொது. அந்தத் தேய்கிற நேரத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் நான் அவரை எடைபோடுகிறேன்.

இதை எனக்குச் சொன்னவர் இசைப் பள்ளியில் படித்தவர் இல்லை. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில், ஆலையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருந்தார். கபோக் கித்தார் என்று நம் நாட்டில் சொல்வோமே, அந்த மலிவான மரக் கித்தார்தான் அவரிடம் இருந்தது. கம்பி துருப்பிடித்து விரலைக் கறுப்பாக்கும். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து வாசிப்பார். அக்கம்பக்கத்தில் யாராவது பாட ஆரம்பித்தால் இவருடைய வாசிப்பு பாதியாகக் குறைந்துவிடும். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒருநாள் கித்தாரைக் கையில் கொடுத்தார். நான் எல்லாக் கம்பியையும் வேகமாகத் தட்டினேன். “தம்பி, தட்டிட்டு ஓடிடாதே. அது எங்க போவுதுன்னு பாரு” என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் கித்தார் கலைஞரும் பாடகருமான பி.பி. கிங். 1925இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்தவர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். நமக்குப் பால்மரம் என்கிற ரப்பர் மரம், அவர்களுக்குப் பருத்தி. பருத்தி பறித்தார், டிராக்டர் ஓட்டினார், 1940களில் மெம்பிஸ் நகரத்துக்குப் போனார். அங்கே அவருடைய உறவினர் புக்கா ஒயிட் இருந்தார். கம்பிமேல் குழாயை வழுக்கவிட்டு வாசிக்கிற முறையில் பெயர்பெற்றவர். ஆள் அழுகிற மாதிரியான அந்த ஒலி கிங்கைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த முறை அவருக்குக் கைவரவே இல்லை. சரி, குழாய் வேண்டாம் என்று வெறும் விரலால் அதே ஒலியைத் தேடினார். கம்பியை அழுத்திய இடத்திலேயே இடது கையைத் துடிக்கவிட்டார். தேய்ந்துபோக வேண்டிய சுரம் அந்தத் துடிப்பில் ஒரு குரலாக மாறியது. 2015இல் அவர் காலமாகும்வரை அந்தத் துடிப்புதான் அவருக்கு அடையாளம். பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுகிற கார்ட் வாசிப்பதில் தாம் கெட்டிக்காரர் இல்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடும்போது வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், அப்புறம் கித்தார் பதில் சொல்லும்.

என் மாணவன் ஒருவன், “சார், கார்டே வராதவர் எப்படிப் பெரிய ஆள்?” என்று கேட்டான். நான் அவனை ஒரே ஒரு சுரத்தை நான்கு எண்ணிக்கைக்கு நிறுத்தி வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது எண்ணிக்கையிலேயே அவன் கை அடுத்த சுரத்துக்குத் தாவிவிட்டது.

இந்தச் சங்கதி நமக்குப் புதிது இல்லை. வீணையில் மெழுகின்மேல் 24 மெட்டுகள் பதித்திருப்பார்கள். ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், ஒரே மீட்டில் அடுத்த சுரமும் அதற்கடுத்த சுரமும் கிடைக்கும். சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் வாழ்வது அந்தத் தேய்கிற ஒலிக்குள்தான். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். மாண்டலினில் வழக்கமாக நான்கு இரட்டைக் கம்பிகள். அதன் ஒலி சட்டென்று அறுந்துவிடும், கமகத்துக்கு நேரமே கிடைக்காது. அவர் மின்சார மாண்டலினை எடுத்து, இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளைக் கட்டினார். சுரம் நின்றது, ராகம் வந்தது. 2014இல், 45 வயதில் போய்விட்டார். நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

வேகம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். ஒரு காலைக்குள் 400, 500 மரம் வெட்டியாக வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். அப்படியும் ஒவ்வொரு வெட்டும் ஒரே ஆழத்தில் இருக்கும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போய்க் கத்தி கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. அம்மாவின் கையில் வேகமும் இருந்தது, ஆழமும் தவறவில்லை. ஸ்பெயின் நாட்டு பாக்கோ தெ லூசியாவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வரும். 1947இல் பிறந்தவர், ஃபிளமெங்கோ இசைக்காரர். வலது கையின் இரண்டு விரல்களை மாற்றி மாற்றி அவர் ஓட்டுகிற ஓட்டம் மலைக்க வைக்கும். ஆனால் பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள், ஒரு சுரம்கூடச் சிதைந்திருக்காது. மாணவர்கள் காட்டுகிற காணொளிகளில் பலவற்றை அப்படி ஓடவிட்டால் தாங்காது.

ஜாஸ் கித்தார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1928இல் குடியிருந்த வண்டிவீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் ஏறக்குறையச் செயலிழந்தன. மிச்சமிருந்த இரண்டு விரல்களைக் கொண்டே தனி வாசிப்பு முழுவதையும் வாசித்தார். எல்லாரும் அந்த இரண்டு விரலைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த விரல்களுக்கு அடியில் சுரம் எப்படி நடுங்குகிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வகைக் கலைஞர்களும் இருக்கிறார்கள். தமிழ்த் திரைப்பாட்டில் கித்தாரைக் கேட்டு வளராதவர்கள் நம்மில் யார்? இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் மற்றவர்களுடைய இசைக்குழுவில் கித்தார் வாசித்தவர். அதனாலோ என்னவோ, அவருடைய பாட்டில் கித்தாருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பாடல்களில் வாசித்தவர்களின் பெயரை அந்தக் காலத்துக் கேசட் அட்டையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அவர்கள் வாசிப்பில் நான் கவனிப்பது, ஒலியை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை. பாடகர் அடுத்த சொல்லுக்கு வாய் திறக்கும் முன் உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து அடக்கிவிடுவார்கள். அந்தச் சின்ன வெற்றிடத்தில்தான் சொல் வந்து உட்கார்கிறது. வாசற்படியில் அந்த அண்ணன் செய்ததும் இதைத்தான். பெரியவர்கள் வரிசையில் அவரையும் வைக்கலாமா என்று கேட்டால், என் மனசில் வைத்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, எல்லாம் செம்பனை. லயத்துச் சனங்கள் டவுனுக்கு வந்து தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியேறிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் என்னிடம் படிக்கிறார்கள். சேர்ந்த முதல் மாதம் அவர்களுக்குப் பாட்டு எதுவும் சொல்லித்தர மாட்டேன். ஒரு சுரம், அது அடங்கும்வரை கேட்பது, அவ்வளவுதான். சில பெற்றோருக்கு இதில் வருத்தம் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, முதலில் வாசித்த அதே கம்பி, அதே சுரம். இந்த முறை மீட்டிய பிறகு இடது கை விரலைக் கொஞ்சம் அசைப்பேன். கடைசியில் அது முழுக்கத் தேயும் முன்னால் உள்ளங்கையால் நானே நிறுத்துவேன். எந்த இடத்தில் நிறுத்துகிறேன் என்று கேளுங்கள்.

(கித்தார்: அதே சுரம், துடிப்போடு; பிறகு மௌனம்)

நன்றி. வணக்கம்.