அவள் ஆட்டத்துக்குக் கெடு வைத்தது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பையனைப் போல வளரும் பெண்பிள்ளையைத் திருத்துவது அக்கறையா, அடக்குமுறையா?" என்ற தலைப்பில், அடக்குமுறையே என்று பேச வந்திருக்கிறேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பையன்களோடு பந்தாடி, முழங்காலில் காயம் ஆறாமலே வளர்ந்தவள் நான். இந்தத் தலைப்பைத் தள்ளி நின்று பேச என்னால் முடியாது.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "சின்ன வயதில் யாரும் தடுப்பதில்லையே, வளர்ந்த பிறகுதானே சொல்கிறோம்" என்றார். நடுவர் அவர்களே, என் வழக்கே அதுதான்! எட்டு வயதில் மரமேறினால், "என் பொண்ணு பையன் மாதிரி, பயமே கிடையாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை. அவளே வயதுக்கு வந்துவிட்டால், அதே கை, அதே கால், அதே மரம், "இன்னும் என்ன ஆட்டம், அடக்கமா உட்காரு" என்று அதட்டல். நேற்றுவரை தைரியம், இன்று திமிர். அவள் செய்த தப்பு என்ன? வளர்ந்தாள், அவ்வளவுதான். முதலிலிருந்தே மறுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கொடுத்துவிட்டுப் பிடுங்குகிறீர்களே, அப்போதுதான் ஒரு பெண் தன் உடம்பின்மீதே கோபப்பட ஆரம்பிக்கிறாள்.

இது வீட்டோடு நிற்பதுமில்லை. முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது, இங்கிலாந்தில் தொழிற்சாலைப் பெண்கள் கால்பந்து ஆடினார்கள். நல்ல காரியங்களுக்கு நிதி திரட்டித் தந்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் நடந்த ஒரு பெண்கள் ஆட்டத்துக்குச் சுமார் 53,000 பேர் திரண்டார்கள். மறு ஆண்டே, இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், பெண்களுக்குக் கொடுத்திருந்த கெடுவும் முடிந்தது. அந்தக் கதவு திறக்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆயின.

"உடம்புக்கு ஆகாது, அதனால்தான்" என்பார்கள். சரி, அந்த அக்கறையையும் பார்ப்போம். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை படைத்தார். பெரிதாகப் பேசப்பட்டதோ, ஓடி முடித்தவர்களில் சிலர் களைத்துச் சாய்ந்தது! ஆண்கள் சாய்ந்தால் அது உழைப்பு, பெண்கள் சாய்ந்தால் பலவீனமா? பெண்களுக்கு அந்தப் பந்தயம் மறுபடி ஒலிம்பிக்கில் வந்தது 1960இல்தான். இடையில் பிறந்து, ஓடத் துடித்து, வயது கடந்துபோன பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

"நாளைக்கு ஊர் பேசுமே" என்றும் கேட்டார் நண்பர். ஊர் பேசுவதற்கு முன்பே அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவருவது நாம்தானே? இப்படி வளர்ந்த ஒருத்தி நாளை பட்டுப்பாவாடை விரும்பலாம், கடைசிவரை கால்சட்டையே போதும் என்றும் இருக்கலாம், தான் யார் என்று வேறொரு பதிலும் சொல்லலாம். அதைச் சொல்ல வேண்டியவள் அவள். அப்புறம், மென்மையாக வளரும் பையன்களையும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்காவது எட்டு வயதுவரை பாராட்டு கிடைத்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: எந்தப் பிறந்தநாளில் அவளுடைய தைரியம் குற்றமாகிறது? நன்றி, வணக்கம்.