முகத்தை அளக்கும் கோணமானி

நேயர்களுக்கு வணக்கம்.

கண்ணின் உள்முனையிலிருந்து வெளிமுனைக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெளிமுனை சற்று மேலே இருந்தால் 'பாசிட்டிவ்', கீழே இருந்தால் 'நெகட்டிவ்'. 'கான்தல் டில்ட்' எனப்படும் இந்த அளவு, இமை அறுவை செய்கிற மருத்துவர்களுடையது. இப்போது அதைக் கையில் எடுத்திருப்பவர்கள் பள்ளிப் பையன்கள். தாடைக் கோணம், கண்களுக்கிடையே உள்ள தூரம் என்று ஒவ்வொன்றாக அளந்து தங்களுக்கே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு 'லுக்ஸ்மாக்சிங்' என்று பெயர்.

முதலில், அந்த அளவே நம்பத்தக்கதல்ல. கண்ணின் வெளிமுனை, உள்முனையைவிடச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதனால் தலையைக் குனிந்து படமெடுத்தால் கோணம் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும். கேமராவை முகத்துக்கு 30 சென்டிமீட்டரில் பிடித்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்த படத்தைவிட ஆணின் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும். பையன் அளப்பது முகத்தையல்ல, தன் கை நீளத்தை.

முடி வெட்டுவது, முகம் கழுவுவது, உடற்பயிற்சி செய்வது இதிலெல்லாம் யாருக்கும் வழக்கில்லை. பேச்சு எலும்புக்குப் போகும்போதுதான் சிக்கல். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை மாறும் என்கிறது 'மியூயிங்'. வளர்ந்தவர்களின் முக எலும்பு அப்படி மாறும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. இதைப் பரப்பிய பிரிட்டன் பல் சீரமைப்பு மருத்துவர் மைக் மியூவைப் பதிவேட்டிலிருந்து நீக்க 2024-ல் பிரிட்டனின் பல் மருத்துவ ஒழுங்குக் குழு உத்தரவிட்டது. இன்னும் சிலர் கன்ன எலும்பை எதையாவது கொண்டு தட்டுகிறார்கள். சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற வோல்ஃப் விதியைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்த விதி பேசுவது நடப்பது, தூக்குவது போன்ற தொடர்ந்த சுமையை. அடி பட்டால் வருவது வீக்கம், விரிசல், நரம்பு மரத்துப்போதல். அந்த வீக்கத்தைத்தான் வளர்ச்சி என்று படம் பிடித்துப் போடுகிறார்கள்.

எலும்பு மாறாது என்று தெரிந்ததும், 'எல்லாம் பிறப்பிலேயே எழுதியாயிற்று' என்ற முடிவு காத்திருக்கிறது. இன உயர்வு பேசும் தீவிர வலதுசாரிகளுக்குக் கதவு திறப்பது இங்கேதான், ஏனென்றால் இந்த அளவுகோல் அவர்கள் வீட்டுப் பழைய சாமான்.

18-ஆம் நூற்றாண்டில் டச்சு உடற்கூறியலாளர் பெட்ரஸ் காம்பர் பக்கவாட்டு முகத்தின் சரிவைக் கோணமாக அளந்தார். ஒராங்குட்டானுக்கு 58, ஆப்பிரிக்கருக்கு 70, ஐரோப்பியருக்கு 80, கிரேக்கச் சிலைக்கு 100. ஓவியர்களுக்காகச் சொன்னதை, பின்னால் வந்தவர்கள் இன ஏணியாக்கிவிட்டார்கள். அந்த ஏணியின் உச்சியில் உட்கார்ந்திருந்தது கல், மனிதனல்ல என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று உச்சியில் இருப்பது ஃபில்டர் போட்ட படம்.

'மேலானவர்' மட்டும் பெருகவேண்டும் என்று சொல்லும் மனித இன மேம்பாட்டுக் கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்ற பெயரை 1883-ல் உருவாக்கிய பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன், அதற்கு முன்பே குற்றவாளிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் 'குற்றவாளி முகம்' தேடினார். கிடைத்ததோ, தனித்தனி முகங்களைவிட லட்சணமான ஒரு முகம்! அவரே அதை ஒப்புக்கொண்டார், ஆனால் கொள்கையை விடவில்லை. 1922-ல் ஹான்ஸ் குந்தரின் ஜெர்மன் இன நூல் மண்டையோடு, மூக்கு, கண்ணின் நிறம் என்று வகைப்படுத்தியது. 1937-ல் மியூனிக்கில் நாஜிகள் இரண்டு கண்காட்சிகளை ஒரே சமயத்தில் நடத்தினார்கள். ஒன்றில் கட்டுமஸ்தான ஆண் சிலைகள், இன்னொன்றில் 'சீரழிந்த கலை' என்று அவர்கள் முத்திரை குத்திய நவீன ஓவியங்களும் சிற்பங்களும். அடுத்த ஆண்டு, வட்டெறியும் வீரனின் ரோமானியப் பளிங்கு நகலை இத்தாலியிலிருந்து ஹிட்லர் வாங்கினார். பழங்காலச் சிலைகள் பலவும் வண்ணம் பூசப்பட்டவை, வெளுத்தது காலத்தால். அந்த வெளுப்பையே இனத்தின் தூய்மையாகப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பளிங்குத் தலைகளைத் தங்கள் கணக்குகளுக்கு முகமாக வைத்திருக்கிறார்கள்.

நேரடி ஆள்சேர்ப்பும் நடக்கிறது. இந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் தொடங்கி ஐரோப்பாவுக்கும் பரவிய 'ஆக்டிவ் கிளப்' குழுக்கள் சண்டைப் பயிற்சியோடு வெள்ளையினவாதத்தையும் சேர்த்தே கொடுக்கின்றன.

வீட்டில் இதை எப்படிக் கண்டுகொள்வது? சொற்களைக் கவனியுங்கள். 'என் தாடை சரியில்லை' என்பது பதின்ம வயதுக் கவலை. 'தாழ்ந்த மரபணு', 'சீரழிந்த தலைமுறை', 'மேலான ரத்தம்' என்று வரும்போது அவன் வேறு வகுப்பில் உட்கார்ந்துவிட்டான். கேலி செய்தால் இன்னும் உள்ளே போவான். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, கேமராவைக் கண் மட்டத்தில் வைத்து, தலை நிமிர்த்தி ஒன்று, குனிந்து ஒன்று என இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் கோணத்தை அவனே அளக்கட்டும். கன்னத்தில் வீக்கமோ மரப்போ தெரிந்தால் படமெல்லாம் பிறகு, முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.