மண்டை அளந்த அறிவியல் டச்சுக்காரர்களிடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா?

அடுத்த கேள்வி. “மண்டையை அளந்து இனம் பிரிப்பதெல்லாம் ஹிட்லர் காலத்து ஜெர்மனி சங்கதிதானே? நெதர்லாந்து தாராள மனசு உள்ள நாடாயிற்றே, அங்கே அதன் தாக்கம் இன்றும் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஹிட்லருக்கு வெகு முன்பே தொடங்கிய கதை இது. பெட்ருஸ் காம்பர் என்ற 18ஆம் நூற்றாண்டு டச்சு உடற்கூறியலாளர், முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து அதன் சாய்வுக் கோணத்தை அளந்தார். மனிதர் எல்லோருக்கும் மூலம் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. பின்னால் வந்தவர்களோ அந்தக் கோணத்தை வைத்தே ஐரோப்பியர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

அப்புறம் காலனிக்குப் போனார்கள். சுமத்ராவை ஒட்டிய நியாஸ் தீவில் 1910இல் கிளைவெக் டெ ஸ்வான் என்ற மருத்துவர், உயிரோடிருக்கும் மனிதர்களின் முகத்தில் பிளாஸ்டரை அப்பி அச்சு எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூச்சுக்கு மட்டும் வழி வைத்து, பிளாஸ்டர் இறுகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். அந்த முகங்கள் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்து, ‘இன மாதிரி’களாகக் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்தன.

சரி, இதெல்லாம் மியூசியத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. மனிதர்களைப் பூர்வீகத்தை வைத்து வகை பிரிக்கும் பழக்கம் சட்டத்திலும் இருந்தது. டச்சு கிழக்கிந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், 1854 ஆட்சி விதிப்படி ஐரோப்பியருக்கு ஒரு சட்டம், சுதேசிகளுக்கு ஒரு சட்டம். சீனர், அரபியர், இந்தியர் எல்லாம் ‘அந்நியக் கீழைநாட்டார்’. சுமத்ராவின் மேதான் நகர்ப் பக்கம் புகையிலைத் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்களும் அந்தக் கணக்கில்தான். 1899இல் ஒரு வேடிக்கை நடந்தது: ஜப்பான் பலம் பெற்ற நாடாகிவிட்டதால், ஜப்பானியர்களைச் சட்டத்தால் ஐரோப்பியருக்குச் சமமாக்கினார்கள். இனம் இயற்கையின் ஏற்பாடு என்றவர்கள் ஒரே கையெழுத்தில் அதை மாற்றினார்கள் பாருங்கள்!

இதைவிட ஆச்சரியம் ஒன்று சொல்கிறேன். நெதர்லாந்தின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2022 வரை, வெளிநாட்டுப் பூர்வீகம் உள்ளவர்களை ‘மேற்கத்தியர்’, ‘மேற்கத்தியர் அல்லாதவர்’ என்று பிரித்து வைத்திருந்தது. அதில் துருக்கி மேற்கு இல்லை. ஜப்பானும் இந்தோனேசியாவும் மேற்கு! சமூக, பொருளாதார நிலையை வைத்துப் பிரித்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1899 சட்டத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் நம்மவர், யார் அயலார் என்று அரசாங்கம் பட்டியல் போடும் புத்தி அதே புத்திதான். சிலர் உடனே, டிசம்பர் பண்டிகையில் புனித நிக்கோலாஸின் உதவியாளனாக முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வரும் கறுப்பு பீட் வேஷத்தைக் காட்டுவார்கள். முகத்தில் கரி பூசுவது கண்ணுக்குத் தெரிகிறது, சண்டை போடலாம். பட்டியல் கண்ணுக்குத் தெரியாது, எனக்கு அதுதான் பெரிய கவலை.

பிள்ளைகளைக் காப்பகத்தில் விடும் பெற்றோருக்கு அரசு வரித்துறை வழியே தரும் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம் அப்படித்தான் வெடித்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதவர் என்பதையே வரித்துறையின் கணினி ஓர் ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டது. மோசடி செய்தவர்கள் என்று முத்திரை குத்தி, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னதில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு ராஜினாமா செய்தது. 2022இல் வரித்துறையில் நிறுவன ரீதியான இனவாதம் இருந்தது என்று அரசே ஒப்புக்கொண்டது.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். எய்ந்தோவன் நகர்மன்ற உறுப்பினராக இருந்த எம்பான்சு பமெங்கா, கறுப்பினத்தவர். 2018இல் ரோமிலிருந்து திரும்பி வந்தவரை, விமான நிலையத்தில் எல்லைக் காவலர்கள் தனியே நிறுத்திச் சோதித்தார்கள். ஏன் என்று கேட்டால், நன்றாக உடுத்தி, வேகமாக நடந்து, டச்சுக்காரர் போலத் தெரியாத ஆண்களைக் கவனிக்கிறோம் என்று பதில். வழக்குப் போட்டார். 2021இல் ஹேக் நீதிமன்றம், இனத்தோற்றத்தையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்றது. 2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டில்தான் அது பாகுபாடு, செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு இறுதியில் அவர் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆகிவிட்டார்.