38,000 பேர் சொன்னது எங்கே போயிற்று?

நண்பர்களே, அரசியலமைப்பு என்றாலே கோட்டு போட்ட நாலு வக்கீல்கள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிற சமாச்சாரம் என்றுதான் பலர் நினைக்கிறோம். இப்போதெல்லாம் "மக்களிடம் கேட்டுத்தான் எழுதினோம்" என்று சொல்லிக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது. சரி, எப்போது கேட்டீர்கள்? கேட்டதை என்ன செய்தீர்கள்?

இந்தோனேசியாவின் பிடியில் இருந்த சின்னஞ்சிறு நாடான கிழக்குத் திமோரைப் பாருங்கள். 1999 ஆகஸ்ட் 30 அன்று, ஆயுதக் குழுக்கள் மிரட்டிக்கொண்டிருந்தபோதே வரிசையில் நின்று, 78 சதவீதத்துக்கும் மேலானோர் இந்தோனேசியாவை வேண்டாம் என்று வாக்களித்த ஜனங்கள் அவர்கள். 2001 ஜூன், ஜூலையில், சுதந்திரம் வரும்வரை அங்கே ஆட்சியைப் பார்த்துக்கொண்ட ஐ.நா. நிர்வாகம் 13 மாவட்டங்களிலும் குழுக்கள் அமைத்து, அரசியலமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. சுமார் 38,000 பேர் வந்தார்கள். மொத்த ஜனத்தொகையே பத்து லட்சத்துக்குக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இது சாதாரணக் கூட்டம் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? ஆகஸ்டில் தேர்தல் வந்தது, அரசியலமைப்பை எழுத வேண்டிய, 88 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையில், விடுதலைக்குப் போராடிய ஃப்ரெட்டிலின் கட்சிக்கு 55 இடம். அந்தக் கட்சியின் கையில் ஏற்கெனவே ஒரு வரைவு இருந்தது, முன்பு அந்த நாட்டை ஆண்ட போர்ச்சுகலின் அரசியலமைப்புச் சாயலில். சபை அதை வைத்துத்தான் வேலையைத் தொடங்கியது. மாவட்ட அறிக்கைகள் சபைக்குப் போயின, ஆனால் பெரிதாக யாரும் அவற்றைச் சீண்டவில்லை. "அது ஐ.நா. நடத்தியது, மக்கள் தேர்ந்தெடுத்தது எங்களைத்தானே" என்பது அவர்கள் பக்க வாதம். அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தேர்தலுக்கு முன்னாலேயே, சபை என்று ஒன்று இல்லாதபோதே கருத்துக் கேட்டால், பதில் சொல்லும் பொறுப்பு யாருக்கு இருக்கும்?

அதனால் வரைவு தயாரான பிறகாவது மக்களிடம் ஒழுங்காகப் போயிருக்க வேண்டும். ஒரே ஒரு வாரம் கொடுத்தார்கள். அதுவும் இந்தோனேசிய மொழியில் படித்து வளர்ந்த இளைஞர்களில் பலருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, வரைவோ அந்த மொழியில் எழுதப்பட்டது. 2002 மார்ச் 22-இல் நிறைவேற்றி, மே 20-இல் சுதந்திரம்.

தென்னாப்பிரிக்கர்கள் வரிசையை மாற்றிப்போட்டார்கள். 1994-இல் முதலில் தேர்தல், அதில் வந்த சபையே மக்களிடம் போய்க் கேட்டது. ஏறக்குறைய 20 லட்சம் மனுக்கள் வந்தன. இந்த எண்ணைக் கேட்டு மலைத்துப்போக வேண்டாம், பெரும்பகுதி வெறும் கையெழுத்து மனுதான். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தபடி: 1995 நவம்பரில் வரைவை 40 லட்சத்துக்கும் மேல் பிரதிகள் அச்சடித்து நாடு முழுக்க விநியோகித்து, "இப்போது சொல்லுங்கள்" என்று திரும்பவும் கேட்டார்கள். மனு போட்டவர், தான் எழுதியது உள்ளே வந்ததா இல்லையா என்று அவரே புரட்டிப் பார்க்க முடிந்தது.