முதியவர் மீதான கொடுமையைப் புகார் செய்தால், அடுத்து என்ன நடக்கிறது?

(திரையில்: ஒரு மேசை, விடாமல் ஒலிக்கும் போன்)

இப்படிப்பட்ட புகார்களை வாங்கும் ஒரு அலுவலகத்துக்கு ஒரே காலையில் மூன்று போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, எண்பது வயதுப் பெரியவரை மகன் தினமும் திட்டித் தீர்க்கிறான், சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கிறது. இரண்டாவது, சர்க்கரை நோயாளியான ஒரு பாட்டிக்கு இரண்டு நாளாக இன்சுலின் போடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். மூன்றாவது, தாத்தாவின் வங்கிக் கணக்கில் இருந்து உறவினர் ஒருவர் பணம் எடுத்துக்கொண்டே இருக்கிறார், நாளைக்கு வீட்டையும் எழுதி வாங்கப்போகிறாராம். அலுவலகத்தில் இருப்பது இரண்டு பணியாளர்கள். யார் வீட்டுக்கு முதலில் போவது?

முதலில் வந்த புகார் முதலில் என்று பார்த்தால் பாட்டி பிழைக்கமாட்டார். அதனால் இந்த வேலையில் வந்த வரிசைக்கு மதிப்பே கிடையாது. போனை எடுப்பவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: நாம் போகாமல் விட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாத ஒன்று எவ்வளவு நேரத்துக்குள் நடந்துவிடும்?

பாட்டியின் கேஸில் அது சில மணி நேரம். எனவே உடனே ஆம்புலன்ஸ், தேவைப்பட்டால் போலீஸ், அப்புறம்தான் மற்ற விசாரணை எல்லாம். உயிருக்கே ஆபத்து என்று கண்ணெதிரே தெரிந்தால் நீங்களும் முதலில் அவசர எண்ணைத்தான் கூப்பிட வேண்டும், புகார் பிரிவை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

அமெரிக்காவில் இந்த வேலையை 'அடல்ட் ப்ரொடெக்டிவ் சர்வீசஸ்' என்ற அரசுப் பாதுகாப்புப் பிரிவு, சுருக்கமாக ஏபிஎஸ், செய்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருந்தது. உதாரணமாக டெக்சாஸில் நான்கு நிலைகள் இருந்தன, மிக அவசரம் என்றால் 24 மணி நேரம், அதற்கடுத்தவை 3 நாள், 7 நாள், 14 நாள் என்று போயின. 2024 மே மாதம் மத்திய அரசு நாடு முழுமைக்கும் பொதுவான குறைந்தபட்ச விதியைக் கொண்டுவந்தது. அதன்படி உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், மற்றவை 7 நாளுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. உயிர் ஆபத்து மட்டும் 'உடனடி' இல்லை, சொத்தோ வருமானமோ பெரிய அளவில் பறிபோகப்போகிறது என்றாலும் அதுவும் உடனடிதான். பணம்தானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய தவறு! எழுபத்தைந்து வயதில் வீடு போனால் திரும்பச் சம்பாதிக்கக் காலம் ஏது? நாளைக்குக் கையெழுத்து என்றால் நம் தாத்தாவின் கேஸ் இன்றைக்கே எடுக்கவேண்டியது.

சரி, முதல் போன்? வெறும் திட்டுதானே என்று அதை ஒதுக்க முடியாது. நான்கு சுவருக்குள் நடப்பதில் வெளியே கேட்பது சத்தம் மட்டும்தான். அதனால்தான் போனை எடுத்தவர் அடுக்கடுக்காகக் கேட்பார்: மகன் கை ஓங்கியதுண்டா, பெரியவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா, அவரால் தானாக எழுந்து நடக்க முடியுமா, அவர் கையில் போன் இருக்கிறதா, மகன் இப்போது வீட்டில் இருக்கிறானா, இதற்கு முன் யாராவது புகார் செய்திருக்கிறார்களா. ஒவ்வொரு பதிலும் கேஸை மேலே தூக்கும் அல்லது கீழே இறக்கும். "பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்" என்று மட்டும் சொன்னால் போனை எடுத்தவருக்கு எழுதிக்கொள்ள எதுவும் இருக்காது. "செவ்வாய்க்கிழமையில் இருந்து எழுந்திருக்கவில்லை, முதுகில் படுக்கைப் புண், அறையில் தண்ணீர் கூட இல்லை" என்று சொன்னால் அன்றைக்கே ஆள் வருவார்.

ஆதாரம் வேண்டுமோ என்று பயந்து பல பேர் வாயே திறப்பதில்லை. வேண்டாம். நியாயமான சந்தேகம் போதும், நிரூபிப்பது அவர்கள் வேலை.

எல்லாப் புகாரையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் என்ற பராமரிப்புச் சட்டம், 42ஆம் பிரிவு, மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறது. அவருக்குப் பிறர் உதவி தேவைப்படுகிறதா, கொடுமையோ புறக்கணிப்போ நடக்கிறதா அல்லது நடக்கும் ஆபத்து உள்ளதா, அந்த உதவித் தேவையால்தான் தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறாரா. மூன்றும் பொருந்தினால் உள்ளாட்சி நிர்வாகம் விசாரித்தே ஆகவேண்டும்.

(திரையில்: கதவைத் தட்டும் கை)

வீட்டுக்குப் போகும் பணியாளர் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போவதில்லை. போனதும் முதல் வேலை, முதியவரைத் தனியாகச் சந்திப்பது. மகன் பக்கத்தில் நின்றால் எந்த அப்பா வாயைத் திறப்பார்? மொழி தெரியாவிட்டாலும் குடும்பத்து ஆளையே மொழிபெயர்க்க விடக்கூடாது. உடம்பில் கன்றிப்போன காயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். தடுக்கி விழுவதால் வருபவை பெரும்பாலும் கை காலில்தான் இருக்கும், கழுத்திலோ காதிலோ இருந்தால் அது வேறு கதை. நிறத்தை வைத்து எத்தனை நாள் பழைய காயம் என்று கணிப்பது நம்பகமானது அல்ல. சமையலறையைப் பார்ப்பார்கள், மாத்திரைகளை எண்ணுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏபிஎஸ்ஸுக்கு அதிகம் வருவது அடுத்தவர் செய்த கொடுமை பற்றிய புகார் அல்ல, முதியவர் தன்னையே கவனிக்காமல் விடுவது. தனியாக இருப்பார், குளிக்க மாட்டார், மருந்து எடுக்க மாட்டார். இங்கே பிடித்து உள்ளே போட யாரும் இல்லை, உதவியைத்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்புறம், புகார் செய்தவர்களைக் கோபப்படுத்தும் விஷயம். "வந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் செய்யாமல் போய்விட்டார்கள்." பல சமயம் நடந்தது இதுதான்: முதியவர் "எனக்கு எதுவும் வேண்டாம், என் பிள்ளையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். தெளிந்த மனதோடு, நிலைமை புரிந்து, யாருடைய மிரட்டலும் இல்லாமல் அப்படிச் சொன்னால் அவரை வற்புறுத்த முடியாது. வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவரின் முடிவைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. மறதி நோயால் அவருக்கு நிலைமை புரியவில்லை என்று தெரிந்தால் பாதை மாறும், மருத்துவ மதிப்பீடு, சில நேரம் நீதிமன்றம். வேண்டாம் என்றவர் வீட்டுக்கும் நல்ல பணியாளர் மறுபடி போவார், இரண்டாவது மூன்றாவது தடவையில் மனம் மாறியவர்கள் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 வயதைக் கடந்தவர்களில் 6 பேரில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகிறார். இவர்களில் பெரும்பாலோர் எந்த அலுவலகத்துக்கும் தெரியாமலே இருந்துவிடுகிறார்கள்.

விசாரணையில் என்ன ஆனது என்று பெரும்பாலும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், அது முதியவரின் அந்தரங்கம். பதில் வராததால் புகார் குப்பைக்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நிலைமை மோசமானால், புதிதாக ஒரு காயம் தென்பட்டால், அவர் ஜன்னலோரம் உட்காருவது நின்றுபோனால், திரும்பக் கூப்பிட்டு என்ன மாறியது, எந்த நாளில் இருந்து என்று சொல்லுங்கள். பழைய பதிவோடு அதைச் சேர்த்துப் பார்த்து, கீழே கிடக்கும் கேஸை மேலே எடுப்பார்கள்.