ஏர் ரைபிளுக்கு ஒரு அயனிக் கட்டை

நேயர்களுக்கு வணக்கம். தலைப்பில் துப்பாக்கி இருந்தாலும் இது மரக்கதைதான், பயப்பட வேண்டாம்.

என் மகள் ஏர் ரைபிள் பழகுகிறாள். பத்து மீட்டர் தூரத்தில் அட்டை, அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். வீட்டில் பழக மலிவாக ஒரு ஸ்பிரிங் ரைபிள் வாங்கினேன். கடையில் பார்க்கும்போது கட்டை (தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) தேக்கு மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து பின்பக்கத்து ரப்பரைக் கழற்றினால் உள்ளே வெளுத்த மரம், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, மேலே மட்டும் காப்பி நிறத்தில் சாயம்.

இடவப்பாதி மழை (ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் குறி இடப்பக்கம் ஓட ஆரம்பித்தது. பிள்ளையைத்தான் முதலில் திட்டினேன், அது என் தப்பு. ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை, இரண்டு பக்கமும் ஆட்டுவதால் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தளரும். இறுக்கினால் அவற்றின் தலை மெத்து மரத்துக்குள் புதையும், மறுநாளும் இறுக்க வேண்டும். போதாததற்கு, குழல் உட்காரும் பள்ளத்தில் வார்னிஷே இல்லை. நம்மூர் ஈரம் முழுக்க அந்த வழியாகத்தான் ஏறியிருக்கிறது.

சரி, இருப்பதைச் சரிசெய்து பார்ப்போம் என்று, குண்டு இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கழற்றினேன். நன்றாகக் காயவைத்து, உள்பள்ளத்தில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக நாலைந்து தடவை பூசி, ஸ்குரூத் தலைக்குக் கீழே பித்தளை வாஷர் வைத்தேன். (எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், கொடியில் விரித்துப் போடுங்கள்.) குளச்சலில் ஒருவர் வள்ளத்துக்கு (படகுக்கு) பூசுகிற அண்டி எண்ணெயை, அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை, பூசச் சொன்னார். வள்ளத்துக்கு அது சரி. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைக்கும் பெண்களின், அந்த எண்ணெய் பட்டுப் புண்ணான விரலைப் பார்த்தவர்கள் கன்னம் வைக்கிற இடத்தில் அதைப் பூச மாட்டார்கள்.

குறி ஓரளவு அடங்கியது. ஆனால் கட்டை பிள்ளைக்கு நீளம். நூறு வருஷத்துக்கு முந்தைய லீ என்ஃபீல்டு ராணுவ ரைபிளுக்கே பின்கட்டையை அரை அங்குல வித்தியாசத்தில் பல நீளங்களில் செய்தார்கள், ஆளுக்குத் தக்கபடி மாட்ட. நமக்கோ எல்லாருக்கும் ஒரே கட்டை.

அதனால் புதிதாகச் செய்யத் துணிந்தேன். முதலில் ரப்பர் மரம், வீட்டுப் பக்கத்திலேயே கிடைத்தது. அறுத்த கையோடு மருந்தில் ஊறவைக்காத பலகை, மூன்றே மாதத்தில் பூச்சி மாவாக்கிவிட்டது. இரண்டாவது ஒரு பலாப் பலகை, பார்க்க மஞ்சளாக அழகு, ஆனால் கைப்பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் ரேகை (மரத்தின் நார் ஓடும் வரி) குறுக்கே ஓடியதை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்து அங்கேயே முறிந்தது. தக்கலைப் பக்கத்து ஆசாரி ஒருவர் முறிந்ததைக் கையில் வாங்கிப் பார்த்து, "மரத்தைப் பாத்தீரு, ரேகையைப் பாக்கலியே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் அயனி, பலாவின் இனத்தைச் சேர்ந்த காட்டு மரம். இடித்த பழைய வீட்டின் கதவுச் சட்டம், அது காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது. இந்தத் தடவை ரேகை கைப்பிடியோடு நீளமாக ஓடும்படி ஆசாரியே கோடு போட்டுத் தந்தார். உளி வைக்கும் முன் பழைய கட்டையின் பின்புறத்தை அறுத்துக் குறைத்து, கன்னத்துக்கு ரப்பர் செருப்புத் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, ஒரு மாதம் அவளைச் சுடவிட்டு அளவு எடுத்தோம். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆனால் நல்ல பலகை ஒன்று மிஞ்சியது அதனால்தான்.

லைசன்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த விளையாட்டில் இறங்க வேண்டாம், உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அயனிக் கட்டை இனிமேல்தான் ஐப்பசி மழையைப் பார்க்கப் போகிறது. மூன்று ஸ்குரூத் தலையிலிருந்தும் பக்கத்து மரம் வரைக்கும் மகளின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம், ஸ்குரூ ஒரு நூல் நகர்ந்தாலும் தெரிந்துவிடும். வணக்கம்.